ஜனவரியில் ஓர் இடம்

இன்று காலை வார்டுச் சமையலறையில் பாண் வாட்டும் மணம் எழுந்ததும், உன்னிடம் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று வாய் துறுதுறுத்தது. திரும்பிப் பார்த்தேன். நீ வழக்கமாகச் சாய்ந்து நிற்கும் குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில், புதிதாக வேலைக்கு வந்த பெண் நின்று பட்டர் பொதிகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நல்ல பிள்ளைதான். ஆனால் அவளிடம் சொல்வதென்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். முதலிலிருந்து எல்லாம் தெரிந்த ஒரே ஆள் நீ. நீயோ செப்டம்பரில் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

அதனால் எழுதுகிறேன். செத்துப்போனவளுக்கு யாரும் கடிதம் எழுதுவார்களா, விசரி என்று நீ சிரிப்பாய். சிரி. எனக்கு இரண்டு நாளாகக் கால் நிலத்தில் பாவவில்லை. சந்தோஷமா பயமா என்று பிரித்துப் பார்க்க முடியாத ஒரு துள்ளல். படுக்கை விரிப்பு மாற்றும்போதுகூட வாய்க்குள் ஏதோ பாட்டு ஓடுகிறது. சுருக்கமாகச் சொன்னால், கம்பஸில் இருந்து அழைத்தார்கள். பிள்ளைப்பேறு பார்க்கும் மிட்வைஃப் படிப்புக்கு இடம் இருக்கிறதாம். எல்லோரும் சேரும் செப்டம்பரில் அல்ல, படிப்பு வருடத்தின் நடுவில், ஜனவரியில். வேண்டுமா வேண்டாமா என்று கேட்டார்கள். நான் என்ன முடிவு எடுத்தேன் என்பதைக் கடைசியில்தான் சொல்வேன். எந்தக் கதையானாலும் முடிவைக் கேட்டுவிட்டுத்தான் தொடக்கத்தைக் கேட்பவள் நீ. இந்த ஒருமுறை பொறுத்துக்கொள்.

நம் அறிமுகமே ஒரு கேக்கில்தான் தொடங்கியது. இந்த வெள்ளைக்கார நாட்டு மகப்பேற்று வார்டில் எனக்கு அன்று முதல்நாள். படுக்கை விரிப்பது, இரத்த அழுத்தம் பார்ப்பது, தாய்மாருக்குத் தேநீர் கொடுப்பது, குழந்தையைப் பாலுக்குப் பிடித்துக் கொடுப்பது என்று உதவிப் பணியாளர்களின் வேலைகளை எல்லாம் நடந்து நடந்து காட்டி முடித்த பொறுப்பாளர், இடைவேளையில் கேக் டின்னைத் திறந்து என் முன்னால் நீட்டினார். எனக்கோ நல்ல பசி. "நோ நோ, தாங்க் யூ" என்றேன். முதல் தரமே கையை நீட்டினால் காய்ந்த மாடு கம்பில் விழுந்தது மாதிரி என்று நினைப்பார்கள் அல்லவா? இன்னொரு தரம் கேட்பார், அப்போது எடுக்கலாம் என்று முகத்தை அடக்கமாக வைத்துக்கொண்டிருந்தேன். அவர் "ஓகே" என்று டின்னை மூடி அலுமாரியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மூலையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த நீ கிட்ட வந்தாய்.

"பசிக்குதோ?"

"இல்லை, பரவாயில்லை."

"ரெண்டாந்தரம் கேக்கிறன். பசிக்குதோ?"

"ஓம்."

டூட்டிங் கடையில் வாங்கிய மட்டன் ரோல் ஒன்று உன் பையிலிருந்து வெளியே வந்தது. நான் கடைசித் துணுக்கை விழுங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுச் சொன்னாய்: "இஞ்சத்தை ஆக்கள் ரெண்டாந்தரம் கேக்கமாட்டினம். அதுவும் ஒரு மரியாதைதான். நீர் வேண்டாமெண்டா வேண்டாமெண்டுதான் எடுப்பினம். முதல்தரமே ஓமெண்டு சொல்லப் பழகும், இல்லாட்டிப் பட்டினிதான்."

அன்று 'நீர்' என்றாய். சில மாதங்களில் 'எடியே' ஆகிவிட்டது. நான் யாழ்ப்பாணம், நீ மன்னார். எனக்குப் பிள்ளையார் கோயில், உனக்கு மாதா கோயில். நான் யோசித்துவிட்டுப் பேசுபவள், நீ பேசிவிட்டு யோசிப்பவள். எப்படி ஒட்டிக்கொண்டோம் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. ஒன்று மட்டும் தெரியும். முதல் தரமே 'ஓம்' சொல்ல நான் பழகவே இல்லை. பழகத் தேவையும் இருக்கவில்லை, இரண்டாம் தரம் கேட்க நீ இருந்தாய்.

அந்தப் பழக்கம் வார்டில் உன் தனி முத்திரையாகவே ஆனது. பிள்ளை பிறந்ததும் தாய்க்கு ஒரு கோப்பை தேநீரும் பட்டர் பூசிய வாட்டிய பாணும் கொடுப்பது இந்த ஊர் வழக்கம். வெள்ளைக்காரப் பிள்ளைகள் தட்டைக் கண்டதும் எழும்பி உட்கார்ந்துவிடுவார்கள். எங்கள் பெண்களோ, விடிய விடிய நொந்து பெற்றவர்கள், "நோ தாங்க் யூ" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்கள். ஆளை வற்புறுத்தக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் மிட்வைஃப் தட்டைத் திருப்பி எடுத்துவிடுவார். வாசலில் வைத்து அதே தட்டை நீ வாங்கிக்கொண்டு உள்ளே போவாய்.

"தங்கச்சி, முதல்தரம் கேட்டது ஆஸ்பத்திரி. இப்ப கேக்கிறது நான். சாப்பிடுறீங்களோ?"

அவ்வளவுதான். பாணின் ஓரம்கூட மிஞ்சாது. என்ன மந்திரம் போட்டாய் என்று மிட்வைஃப்கள் கேட்டால், "திருப்பிக் கேட்டன், வேற ஒண்டுமில்லை" என்பாய். இன்று காலையும் வவுனியாவில் இருந்து வந்த ஒரு பிள்ளை தேநீரை வேண்டாம் என்றது. நான் திருப்பிக் கேட்டேன். அது குடித்துவிட்டு இன்னொன்றும் கேட்டது. தேயிலைப் பையைத் தேடுகிற சாக்கில் வெளியே வந்துவிட்டேன்.

படிப்பு என்ற பேச்சை எடுத்ததும் நீதான். வேலை முடிந்து டிராமில் மிட்சம் பக்கம் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தோம். சப்பாத்தைப் பாதி கழற்றிவிட்டுக் குதிக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்த நீ, திடீரென்று, "எடியே, நாங்களும் மிட்வைஃபுக்குப் படிச்சா என்ன?" என்றாய்.

"சும்மா இருடி. மகள் கம்பஸுக்குப் போற வயதில எனக்கெதுக்குப் படிப்பு? வேண்டாம்."

அடுத்த தரிப்பு வரும்வரை நீ மற்றக் குதிக்காலைத் தேய்த்தாய். நீ பேசாமல் இருந்தால் அதுவே அபாய அறிவிப்பு. கதவு திறந்தது, ஆட்கள் இறங்கினார்கள், கதவு மூடியது.

"ரெண்டாந்தரம் கேக்கிறன்," என்றாய்.

அப்படித்தான் நாம் இரண்டு பேரும் வேலை முடிந்த கையோடு சட்டனில் உள்ள கல்லூரிக்கு மாலை வகுப்புக்குப் போகத் தொடங்கினோம். உனக்குக் கணக்கு வரும், எனக்குக் கட்டுரை வரும். பஸ்ஸின் மேல்தட்டில் முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு, வழி நெடுக ஒருவர் பாடத்தை ஒருவர் இழுத்துச் செய்தோம். பின்னக் கணக்கில் நான் திக்குமுக்காடுவதைப் பார்த்து நீ தலையில் அடித்துக்கொள்வாய். "மருந்தில பாதியிலும் பாதியெண்டா கால்வாசி. வீட்டில கேக் வெட்டமாட்டியோ? இதுக்கேன் ஒரு பக்கம் எழுதுறாய்?" நீ எழுதும் ஆங்கிலக் கட்டுரையில் முற்றுப்புள்ளியே இருக்காது, உன் பேச்சைப் போல. நான் புள்ளி வைத்துக்கொண்டே வருவேன். என் வாழ்க்கையில் அவ்வளவு களைத்த காலமும் இல்லை, அவ்வளவு சிரித்த காலமும் இல்லை.

நேர்முகத்துக்குப் போன அன்று, ஏன் மிட்வைஃபாக வர ஆசை என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு முழுப் பதிலை நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். உள்ளே போனதும் முதல் வரியே மறந்துவிட்டது. நீ ஒன்றும் தயார் செய்யவில்லை. வெளியே வந்ததும் என்ன சொன்னாய் என்று கேட்டேன். "வார்டுக்கு வாற எல்லாரும் பிள்ளையைப் பாக்க வருகினம், நான் தாயைப் பாக்க வந்தனான் எண்டு சொன்னன்" என்றாய். எனக்கு உன்மேல் பொறாமையாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது. நீ உள்ளே போய்விடுவாய் என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது.

அப்படியே நடந்தது. உனக்கு இடம் கிடைத்தது. என்னைக் காத்திருப்போர் வரிசையில் போட்டார்கள். கேக் வாங்கிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தால், நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தாய். "நீ இல்லாமல் நான் அங்க ஆரோட சண்டை பிடிக்கிறது?" என்றாய். அந்தக் கேக்கை நாம் சாப்பிட்டு முடிப்பதற்குள், உனக்கு அடிக்கடி வரும் அந்த வயிற்று நோவைப் பற்றி முதல் தடவையாக வாய் திறந்தாய். பிறகு நடந்தது உனக்குத் தெரிந்ததுதான், நான் எழுதப்போவதில்லை. சிகிச்சை இருப்பதால் செப்டம்பரில் சேர முடியாது என்று நீ சொன்னதும், கம்பஸ்காரர் உன் இடத்தை ஜனவரிக்கு ஒத்திவைத்துக் கொடுத்தார்கள். "ஜனவரிக்குள்ள எழும்பியிடுவன்" என்று வார்டு முழுக்கச் சொல்லித் திரிந்தாய். நாங்களும் நம்பினோம். எழும்பிவிடுவேன் என்று நீ சொன்னால் நம்பாமல் இருக்க முடியாது.

செப்டம்பரில் உன்னை அடக்கம் செய்தோம். அதே மாதம் என் மகளும் அதே கம்பஸில், வேறு ஒரு படிப்புக்கு, சேர்ந்தாள். முதல்நாள் அவளுடன் வாசல்வரை போனேன். உள்ளே வரக் கூடாது என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டாள். பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக உள்ளே போனார்கள். நாம் நேர்முகத்துக்குப் போன அதே படிகள். இரண்டு பேருக்கும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான் என்று மனதைப் பூட்டிக்கொண்டு வார்டுக்கு வந்துவிட்டேன்.

இனித்தான் நீ சிரிக்கப் போகும் இடம்.

போன கிழமை அப்பர் டூட்டிங் வீதியில் மரக்கறிக் கடைக்கு முன்னால் நின்று முருங்கைக்காய் முறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. தெரியாத எண். கம்பஸில் சேர்க்கைப் பகுதியில் இருந்து பேசுவதாக ஒரு பெண் சொன்னாள். ஜனவரி வகுப்பில் ஓர் இடம் வந்திருக்கிறது, காத்திருப்போர் வரிசையில் என் பெயர் முதலில் இருக்கிறது, எனக்கு விருப்பமா என்று கேட்டாள். வீதியில் போன பஸ்ஸெல்லாம் எனக்காகவே போவது போல இருந்தது. அந்தச் சந்தோஷத்தின் உச்சியில் நின்றுகொண்டு என் வாய் என்ன சொன்னது தெரியுமா?

"நோ, நோ, இட்ஸ் ஆல் ரைட். வேற ஆருக்கும் குடுங்கோ" என்பதை அழகான ஆங்கிலத்தில், மிகப் பணிவாகச் சொன்னது.

சொல்லிவிட்டுக் காத்துக்கொண்டு நின்றேனடி! இன்னொரு தரம் கேட்பாள் என்று. "உண்மையாகத்தானா, யோசித்துப் பாருங்கள்" என்பாள், அப்போது கொஞ்சம் தயங்குவது போலத் தயங்கி ஓம் சொல்லலாம் என்று. அவள், "பரவாயில்லை, தெரியப்படுத்தியதற்கு நன்றி, நல்ல நாளாக அமையட்டும்" என்று போனை வைத்துவிட்டாள். என் கையில் முருங்கைக்காய் மட்டும் இருந்தது. கடைக்கார அண்ணை, "என்னக்கா, முத்தலோ?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். இவர் தேநீரைக் குடிக்காமல் மேசையில் வைத்துவிட்டார்.

"இஞ்சேரும், உமக்கென்ன விசரே? அவை என்ன தேத்தண்ணியே தந்தவை, முதல்தரம் வேண்டாமெண்டு சொல்லுறதுக்கு?"

மகள் மாடியிலிருந்து ஓடிவந்தாள். "அம்மா, நீங்க சீரியஸா 'நோ' சொன்னீங்களா? கோல் தெம் பாக்! நவ்!" என்று போனைத் தூக்கி என் கையில் திணித்தாள். பிறகுதான் அவளுக்கு உறைத்தது. "வெயிட். அது என்ட கம்பஸ்." அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் நிபந்தனைகள் வந்தன. லைப்ரரியில் கண்டால் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. சாப்பாட்டுப் பெட்டி கொண்டுவந்து தரக் கூடாது. கன்டீனில் அவளுடைய நண்பர்கள் இருந்தால் நான் யாரோ, அவள் யாரோ. "அதோட நான்தான் உங்களுக்கு சீனியர், ஓகேயா?" என்றாள். கிடைக்காத இடத்துக்கு நிபந்தனை போட்டுக்கொண்டிருந்தோம்.

அன்று அலுவலகம் மூடிவிட்டது. மறுநாள் காலையில் அழைத்தேன். வேறு ஒரு குரல். அந்த இடம் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விட்டது என்றும், என் பெயர் நான் மறுத்தபடியால் வரிசையின் கடைசிக்குப் போயிருக்கிறது என்றும் அன்பாகச் சொன்னது. நான் அந்தக் குரலுக்குத் திரும்பத் திரும்ப நன்றி சொன்னேன். ஊரில் அம்மாவுக்கு விஷயம் போய், நான் வார்டில் நின்றபோது, "ஜனவரி தொடக்கம் மார்கழியெல்லோ பிள்ளை? மார்கழியில ஒரு நல்ல காரியம் தொடங்கிறதே? கிடையாமல் போனதும் நல்லதுக்குத்தான்" என்று ஆறுதல் வந்தது. ஒரு மார்கழியில் நாங்கள் கார் வாங்கத் தயங்கியபோது, "எங்கட ஆண்டவரே மார்கழியிலதான் பிறந்தவர், அவர் தொடங்கினது நிலைக்கேல்லையோ?" என்று நீ கேட்டது நினைவுக்கு வந்து, போனைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தேன். சிரிப்பு அப்படியே அழுகையாக மாறிவிட்டது. வார்டில் விரிப்புகள் அடுக்கும் சிறிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஏனென்றால் அங்கே நின்றபோதுதான் ஒன்று விளங்கியது. ஜனவரி. ஜனவரிக்கு ஒத்திவைத்த இடம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். அது உன்னுடையது. நீ போகாததால் வந்த இடத்தை எனக்கு நீட்டியிருக்கிறார்கள். நாக்குப் பழக்கம், மரியாதை என்று எல்லாருக்கும் சொல்லிச் சிரிக்க வைத்தேன், ஆனால் அந்த 'நோ'வுக்கு அடியில் வேறொன்றும் இருந்திருக்கிறது. நீ உட்கார வேண்டிய கதிரையில் நான் எப்படிப் போய் உட்காருவேன்? முன்பின் தெரியாத யாரோ ஒருத்தி வந்து உட்காரட்டும், அவளுக்கு உன்னைத் தெரியாது, அவளுக்குக் குத்தாது. அப்படி எண்ணி மனதை ஆற்றிக்கொள்ளப் பார்த்தேன்.

இவரிடமும் அதைச் சொன்னேன். வழக்கமாக எதற்கும் ஒரு பகிடி வைத்திருப்பவர், அன்று யோசித்துவிட்டுத்தான் பேசினார். "அவ படுத்திருக்கேக்க உம்மட்ட ஒண்டும் சொல்லேல்லையே?" என்று கேட்டார்.

சொன்னாய். நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

ஆகஸ்ட் மாதம். உன் கட்டில் யன்னலோரம். வெளியே நல்ல வெயில், பூங்காவில் யாரோ நாயைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் உனக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். நீ கரண்டியை ஒதுக்கிவிட்டு, "எடியே, எனக்குப் போக ஏலாட்டி, அந்த இடத்தை நீ எடுப்பியோ?" என்றாய்.

"சீ, என்ன கதை கதைக்கிறாய். எனக்கு வேண்டாம். உன்ர இடம், நீதான் போவாய்."

நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். எத்தனை வருடமாக என்னை அறிந்தவள். "சரி," என்றாய், "பிறகு கேக்கிறன்."

கேட்கவில்லை. அன்று அப்படியே உறங்கிவிட்டாய். அதற்குப் பிறகு நான் வந்த ஒவ்வொரு தடவையும், இன்றைக்குக் கேட்பாய் என்று காத்துக்கொண்டிருந்தேன். கேட்டால் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வருவேன். உனக்கோ பேச மூச்சுப் போதவில்லை. நானாக அந்தப் பேச்சை எடுத்தால் உன் சாவைப் பற்றிப் பேசுவதாகிவிடும் என்று பயந்தேன். இப்படி இரண்டு பேரும் அந்தக் கேள்வியைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் அது கேட்கப்படாமலே போயிற்று.

இதை இவரிடம் சொல்லி முடித்தபோது ஒரு விஷயம் எனக்கே புதிதாகத் தெரிந்தது. நீ மறுபடி கேட்டிருந்தால் நான் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன். உனக்காக அல்ல. எனக்கு ஆசையாக இருந்தது. பஸ்ஸின் மேல்தட்டில் பின்னக் கணக்குப் போட்ட நாளிலிருந்தே ஆசையாக இருந்தது. ஆசை என்று வாயால் சொல்லக் கூச்சப்பட்டு, உன் ஆசைக்குத் துணைபோவது போல நடித்துக்கொண்டிருந்தேன். இடம் கைநழுவிப் போன பிறகு இந்த ஞானம்!

நேற்று முன்தினம் மதியம், கஞ்சல் குப்பை வாளியைத் தள்ளிக்கொண்டு நடைபாதையில் போகும்போது சட்டைப்பைக்குள் போன் அதிர்ந்தது. அதே முதல் குரல்.

"நீங்கள் முருங்கை... மன்னிக்கவும், நீங்கள் டூட்டிங்கில் கடையில் நின்றபோது பேசினோமே," என்றாள். நான் அன்று பதற்றத்தில் கடைக்காரருக்கும் அவளுக்குமாகச் சேர்த்து என்னவெல்லாம் பேசினேனோ தெரியாது. வரிசையில் அடுத்தவருக்கு ஜனவரியில் வர வசதிப்படவில்லையாம். நடைமுறைப்படி அதற்கு அடுத்த பெயருக்குப் போகவேண்டும். "ஆனால் அதற்கு முதல் உங்களிடம் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. நீங்கள் மறுநாளே திருப்பி அழைத்ததாகக் குறிப்பு இருக்கிறது. அன்றைக்கு நீங்கள் 'நோ' சொன்ன விதம் எனக்கு அப்படியே என் அம்மாவை ஞாபகப்படுத்தியது. நான் அயர்லாந்துக்காரி. எங்கள் வீட்டில் மூன்று தரம் கேட்காமல் யாரும் தேநீர் குடிக்கமாட்டார்கள்."

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

"ஒன்று கேட்கலாமா?" என்றேன். "இது யாரோ விட்டுப்போன இடமா?"

"அதை நான் சொல்ல முடியாது. ஆனால் ஜனவரியில் வருகிற இடம் எல்லாமே யாரோ ஒருவர் விட்ட இடம்தான். வேறு எப்படி வரும்?" என்றாள். பிறகு, மிக மெதுவாக, "வேண்டுமா?" என்றாள்.

"ஓம்!"

"சொறி? என்ன சொன்னீர்கள்?"

"யெஸ். யெஸ், ப்ளீஸ். யெஸ்."

"ஒருதரம் போதும்," என்று சிரித்தாள். அவள் பக்கத்தில் யாரோ கைதட்டுவதும் கேட்டது. நடைபாதையில் ஒரு புதுத் தகப்பன் கையில் பூங்கொத்தோடு வந்துகொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கும் வாழ்த்துகள்" என்று சொல்லிக்கொண்டு போனான். எதற்கென்று அவனுக்கும் தெரியாது.

அதிலிருந்து வீடு வீடாக இல்லை. இவர் தன்னுடைய ஷிப்டை மாற்றக் கேட்டிருக்கிறார். சமைக்கப் பழகுகிறேன் என்று சொல்லி நேற்றுப் பருப்பை அடிப்பிடிக்க வைத்தார், நாங்கள் மூன்று பேரும் அதைச் சாப்பிட்டுவிட்டு நல்லாயிருக்கிறது என்று பொய் சொன்னோம். அம்மா மார்கழிக்கு ஒரு பரிகாரம் கண்டுபிடித்துவிட்டா. தை பிறக்கும் முன் ஒரு நல்ல நாளில், வீட்டிலேயே புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கம் படித்துவிட்டால் படிப்பு அன்றே தொடங்கியதாகக் கணக்காம். மார்கழியில் நல்ல நாள் எப்படி வரும் என்று கேட்டேன், அதைப் பற்றி வாயைக் காட்டாதே என்றா. மகள் தன் பழைய முதுகுப்பையைத் துடைத்து என் கட்டிலில் வைத்திருக்கிறாள். "தொலைஞ்சுபோனா மட்டும் கோல் பண்ணலாம்" என்று ஒரு நிபந்தனையைத் தளர்த்தியிருக்கிறாள். சீருடைக்கு அளவு கொடுக்கச் சொல்லி வந்திருக்கிறது. கண்ணாடிக்கு முன் நின்று இடுப்பை அளந்தபோது, நாற்பது வயதுக்கு மேல் எனக்கு இப்படி வெட்கமும் துள்ளுகிற புளுகமும் வரும் என்று யாரும் சொன்னதில்லையே என்று நினைத்தேன்.

பயமும் இருக்கிறது. மற்றவர்கள் என் மகளின் வயதுப் பிள்ளைகள். இரவு வேலைப் பயிற்சி வரும். பின்னக் கணக்கை இனி நான் தனியாகத்தான் போட வேண்டும். கட்டுரை எழுதி முடித்துவிட்டுப் பக்கத்தில் திரும்பினால், முற்றுப்புள்ளி இல்லாமல் எழுதுகிறவள் அங்கே இருக்கமாட்டாள். அந்த வகுப்பறையை நினைக்கும்போதெல்லாம் இந்த ஒன்று மட்டும் வலிக்கிறது. வலித்துக்கொண்டே துள்ளவும் முடிகிறது.

அந்த அயர்லாந்துப் பெண்ணை நீதான் அனுப்பிவைத்தாய் என்று நான் சொல்லமாட்டேன். "மோட்சத்தில எனக்கு வேற வேலை இல்லையோ?" என்று கேட்பாய். அவள் தன் தாய் வளர்த்த மாதிரித் தன் வேலையைச் செய்தாள். இனி எனக்கு யாரும் அப்படிக் கேட்பார்கள் என்று நம்பி இருக்க முடியாது. ஆனால் மற்றவர்களிடம் திருப்பிக் கேட்கும் பழக்கத்தை உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டுவிட்டேன். அதை நீ கொடுத்தாயா, நானாக எடுத்தேனா தெரியவில்லை, எதுவானாலும் திருப்பித் தரமாட்டேன். அவளுக்குப் பதில் சொல்லிவிட்டேன். கம்பஸுக்கும் எழுத்தில் சொல்லிவிட்டேன். உனக்குத்தான் இன்னும் சொல்லவில்லை. ஆகஸ்ட் மாதம் உன் கட்டிலருகே இருந்து நான் சொன்ன 'வேண்டாம்' இன்னும் அப்படியே நிற்கிறது. அதை அங்கேயே விட்டுவிட்டுப் போய் வகுப்பில் உட்கார என்னால் ஏலாது.

பிறகு கேட்பதாகச் சொன்னாய். உனக்கு நேரம் கிடைக்கவில்லை, உன்மேல் பிழை இல்லை. நீ கேட்காமலே சொல்கிறேன்.

ஓமடி. எனக்கு வேணும்.